பழைய துணியில் பை தைக்கலாம்: சுருக்குப்பையிலிருந்து ஊசிச் சுருள் வரை

தையல் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் பிளவுஸில்தான் தொடங்குகிறார்கள். பாதிப் பேர் அங்கேயே நின்றும் போகிறார்கள். கழுத்து, கைவளைவு, டாட் என்று எல்லாமே வளைவு; கால் இன்ச் பிசகினால் தைத்ததைப் போட முடியாது. பையில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் நேர்கோடு. அரை இன்ச் சின்னதாகப் போனால் அதில் வைக்கும் சாமானைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் சரி. அதனால் புதிதாகத் தையலுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பைதான்.

இங்கே நான்கு பொருள்களை வரிசையாகச் சொல்கிறேன்: சுருக்குப்பை, ஊசிப் புத்தகம், ஜிப் பௌச், தையல் கருவிகளைச் சுருட்டி வைக்கும் சுருள்பை. கடைசியில் கைப்பிடி வைத்த பைக்கும் ஒரு குறிப்பு உண்டு. இந்த வரிசையில் தைத்தால் ஒன்றில் பழகியது அடுத்ததில் கைகொடுக்கும். முதல் இரண்டுக்கு மெஷினே தேவையில்லை, கையாலேயே தைத்துவிடலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தைத்த பை கோணல்மாணலாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது தையலின் குறையாக இருக்காது. துணியைச் சரியாக வெட்டியிருக்க மாட்டார்கள், இல்லை இடையிடையே இஸ்திரி போட்டிருக்க மாட்டார்கள். கடையில் தைத்த பை பளிச்சென்று இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டும்தான். ஆகவே மெஷினுக்குப் பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கட்டும்.

துணி

புதுத் துணி வாங்க வேண்டாம். நம் வீடுகளில் பை தைக்கவென்றே சேர்ந்திருக்கும் துணி ஒன்று உண்டு: கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும்போது தாம்பூலத்தோடு வரும் ரவிக்கைத் துண்டுகள். அளவு பத்தாது, நிறம் எந்தப் புடவைக்கும் சேராது என்று பீரோவின் அடித்தட்டில் கிடக்கும். சுருக்குப்பைக்கும் உள்துணிக்கும் அவை அருமை. வெளிப்பக்கத்துக்குக் கொஞ்சம் கனமான துணி வேண்டும். பழைய ஜீன்ஸின் கால் பகுதி, சென்னிமலைப் போர்வை கிழிந்தால் அதன் நல்ல பகுதி, சோபா தைத்த மீதித் துணி, காடா, கேன்வாஸ் எல்லாம் ஆகும். தெருமுனைத் தையல்கடையில் கேட்டால் வெட்டு மீதிகளைப் பை நிறையத் தருவார்கள்.

பழைய பட்டுப்புடவையில் பை தைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பு வாக்கில் நூல் இற்றிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள். மீதியின் பின்பக்கம் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத்துணி) ஒட்டாமல் தைக்க வேண்டாம். இரண்டு மாதத்தில் தையலோரம் பிரிந்துவிடும். பனாரஸ் புடவையின் ஜரிகை போல உள்பக்கம் நூல் தொங்குகிற துணிக்கு உள்துணி கட்டாயம். இல்லாவிட்டால் பேனா, சாவி எல்லாம் அதில் மாட்டும்.

புதுப் பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும். வெளித்துணி சுருங்கி உள்துணி சுருங்காவிட்டால், முதல் துவையலிலேயே பை உப்பிக்கொண்டு நிற்கும். சுங்குடி மாதிரிச் சாயத் துணிகளைத் தனியாக ஊறவையுங்கள். தண்ணீர் இன்னும் நிறம் மாறிக்கொண்டே இருந்தால், வெள்ளை உள்துணியோடு அதைச் சேர்க்காதீர்கள்.

வெட்டும்போது துணியின் கரையைப் பாருங்கள். கரைக்கு இணையாகப் போகும் பாவு நூல் அதிகம் இழுபடாது. குறுக்கே போகும் ஊடை கொஞ்சம் கொடுக்கும். மூலைவாக்கில் இழுத்தால் ரப்பர் போல நீளும். பையின் உயரமும் கைப்பிடியின் நீளமும் கரைக்கு இணையாக வரும்படி வெட்ட வேண்டும். துணிச் சிக்கனத்துக்காகக் கைப்பிடியைக் குறுக்கே வெட்டுகிறவர்கள் உண்டு. காய்கறி வாங்கிய அன்றே பை முழங்கால் வரை இறங்கிவிடும்.

கருவிகள்

துணிக்கு ஒரு கத்தரி, காகிதத்துக்கு ஒரு கத்தரி. துணிக் கத்தரியில் வீட்டில் யாரும் பால் பாக்கெட் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் டேப், ஒரு அடி ஸ்கேல், தையல் சாக், குண்டூசி, தையல் பிரிக்கும் கொக்கி. அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டால் இரண்டாவது பை பாதி நேரத்தில் முடியும். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு நன்றாக இருக்கும்.

நூலில் சிக்கனம் வேண்டாம். ஒரு முழம் நூலை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். உடனே பட்டென்று அறுந்தால் அது பைக்கு ஆகாது. பைக்கு ஸ்பன் பாலியெஸ்டர் நூல்தான் சரி.

மெஷின் ஊசிக்கு எண் உண்டு. ரவிக்கைத் துணி, பாப்ளினுக்கு 14. ஜீன்ஸுக்கும் கேன்வாஸுக்கும் 16, மடிப்பு அதிகமானால் 18. மெல்லிய பட்டுக்கு 11. எண் கூடினால் ஊசி தடிமன். கையூசிப் பாக்கெட்டில் இது தலைகீழ்: எண் கூடினால் ஊசி மெலியும். கடையில் ‘பெரிய நம்பர்’ என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். மெஷினில் ஊசி மாற்றும்போது பழைய ஊசியின் தட்டைப் பக்கம் எங்கே பார்த்திருந்தது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். புதியதையும் அதே வாக்கில் மேலே முட்டும் வரை ஏற்றித் திருகுங்கள். தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைச் சரிபார்த்தால் பாதி நேரம் செலவு மிச்சம்.

தையல் நீளம் சாதாரணத் துணிக்கு ஒரு இன்ச்சுக்குப் 10 தையல், தடிமனான துணிக்கு 8. அதற்கும் நெருக்கமாகத் தைத்தால் ஓட்டைகள் சேர்ந்துகொண்டு துணி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

சுருக்குப்பை

பாட்டிமார்கள் இடுப்பில் செருகியிருந்த அதே பை. வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் அதில்தான் இருக்கும். இன்றைக்கு நகைப் பெட்டிக்கும், இயர்போன் ஒயருக்கும், நவராத்திரியில் தாம்பூலம் வைத்துக் கொடுக்கவும் ஆகிறது.

8 இன்ச் அகலம், 18 இன்ச் நீளத்தில் ஒரே துண்டாக வெட்டுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளத்தைப் பாதியாக மடித்தால் 8-க்கு 9 வரும். அடியில் தையலே வேண்டாம், மடிப்புதான் அடி. இப்போது இரண்டு பக்கவாட்டிலும் அரை இன்ச் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். ஆனால் மேலிருந்து 3 இன்ச் விட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தொடங்கும் இடத்தில் இரண்டு மூன்று தையல் முன்னும் பின்னும் போட்டு இறுக்குங்கள். ரிவர்ஸ் இல்லாத பழைய மெஷினாக இருந்தால் துணியைத் திருப்பி வைத்து அதே தையல்மேல் ஓட்டினால் போதும். கையால் தைக்கிறவர்கள் ஓட்டத்தையல் போடாமல் கெட்டித்தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தி முன்னால் எடுப்பது) போடுங்கள்.

தைத்த ஓரத்தை விரித்து இஸ்திரி போடுங்கள். மேலே தைக்காமல் விட்ட 3 இன்ச்சிலும் அதே அரை இன்ச் தானாக உள்ளே மடியும். அந்தப் பிளவைச் சுற்றி, ஒரு பக்கம் இறங்கி, அடியில் குறுக்கே வந்து, மறுபக்கம் ஏறி, ஒரு தையல் போட்டுவிடுங்கள். நாடா போய்வரும் வாய் இதுதான். இந்த இடம் பலவீனமாக இருந்தால் பை இங்கேதான் கிழிய ஆரம்பிக்கும்.

இனி மேல் விளிம்பை முதலில் அரை இன்ச்சும், அப்புறம் ஒரு இன்ச்சும் உள்பக்கம் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தை ஒட்டித் தையுங்கள். முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. நாடாக்குழல் ரெடி. 24 இன்ச் நீளத்தில் இரண்டு நாடா எடுத்து, ஒன்றின் முனையில் ஊக்கு மாட்டி, வலது வாயில் நுழைத்து முன்பக்கம் போய், பின்பக்கம் வழியாகத் திரும்பி வலது வாயிலேயே வெளியே எடுத்து முடிச்சிடுங்கள். இன்னொன்றை இடது வாயில் தொடங்கி இடது வாயிலேயே முடியுங்கள். இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் பை பூப்போல மூடிக்கொள்ளும். ஒரே நாடா போட்டாலும் மூடும், ஆனால் ஒருபக்கமாகக் கோணும்.

உள்ளே துணி விளிம்பு பிசிறு விடும். துணியின் கரையே பக்கவாட்டில் வரும்படி வெட்டினால் அந்தக் கவலை இல்லை. இல்லாவிட்டால் தையல்கடையில் கொடுத்து ஓவர்லாக் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசிப் புத்தகம்

பல வீடுகளில் ஊசியின் இடம் தினசரிக் காலண்டர் அட்டையின் மூலை, இல்லையென்றால் நூல்கண்டின் தலை. எடுக்கும்போது ஊசி கிடைக்காது, பாயில் உட்காரும்போது கிடைக்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஊசிப் புத்தகம் இருந்தாக வேண்டும்.

வெளித்துணி ஒன்று, உள்துணி ஒன்று, இரண்டும் 9-க்கு 5 இன்ச். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, 5 இன்ச் ஓரங்கள் இரண்டின் நடுவிலும் 8 இன்ச் ரிப்பன் ஒவ்வொன்று, வால் உள்ளே இருக்கும்படி செருகுங்கள். சுற்றிலும் அரை இன்ச்சில் தைத்து, ஒரு நீளப் பக்கத்தில் 2 இன்ச் மட்டும் திறந்து விடுங்கள். நான்கு மூலையையும் தையலை வெட்டாமல் சாய்வாக நறுக்கிவிட்டு, திறப்பு வழியாகப் புரட்டுங்கள். மூலையைத் தள்ள ஊசி, கத்தரி முனை எதுவும் வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சி போதும். இஸ்திரி போட்டு, சுற்றிலும் ஓரத்தை ஒட்டி ஒரு தையல் போட்டால் திறப்பும் அதிலேயே மூடிவிடும்.

பக்கங்களுக்குக் கம்பளித் துணிதான் நல்லது. பழைய ஸ்வெட்டர், மஃப்ளர், கிழிந்த கம்பளி எதிலிருந்தும் 7-க்கு 3½ இன்ச்சில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஸ்வெட்டரை முதலில் வெந்நீரில் நன்றாகக் கசக்கித் துவைத்தால் இறுகிக்கொண்டு பிசிறு விடாது. அது அசல் கம்பளியாக இருந்தால் மட்டும். பருத்தித் துணியில் குத்தி வைத்தால், கடலோர ஊர்களில் மழைக்காலம் முடிவதற்குள் ஊசி துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். கம்பளி கிடைக்காவிட்டால் கைவினைப் பொருள் கடையில் ஃபெல்ட் தாளாகக் கிடைக்கும்.

இரண்டு துண்டையும் உறையின் உள்பக்கம் நடுவில் வைத்து, மடியும் கோட்டில் கெட்டித்தையலால் தைத்தால் புத்தகம் தயார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் எண்ணை நூலாலேயே தைத்து வைத்துக்கொள்ளுங்கள்: 7, 9, மணி கோக்கும் ஊசிக்கு ஒரு புள்ளி, இப்படி. பாக்கெட்டிலிருந்து வெளியே வந்துவிட்ட ஊசியின் எண்ணைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

ஜிப் பௌச்

ஜிப் என்றதும் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வரிசை மாறக்கூடாது.

வேண்டியவை: வெளித்துணி 9-க்கு 6 இன்ச்சில் இரண்டு, உள்துணி அதே அளவில் இரண்டு, ஃப்யூசிங் 8-க்கு 5-இல் இரண்டு, நைலான் ஜிப் 7½ இன்ச், ஜிப்பின் முனைக்கு 2-க்கு 1½ இன்ச் துண்டு நான்கு. முடிந்ததும் பௌச் 8 இன்ச் அகலம், ஏறத்தாழ 5½ இன்ச் உயரம் வரும். பென்சில், மேக்கப் சாமான், சார்ஜர் எல்லாம் அடங்கும்.

ஜிப்பை மீட்டர் கணக்கில் வாங்கி, ரன்னரை (ஜிப்பை இழுத்து மூடும் பிடியை) தனியாக வாங்குவது மலிவு. ரன்னரை ஏற்ற, ஜிப்பின் ஒரு முனையில் இரண்டு பக்கத்தையும் அரை இன்ச் பிரித்து, ஒரே நீளத்தில் பிடித்து, ரன்னரின் இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் நுழைத்து இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் ஜிப் மேடுபள்ளமாக மூடும். கழற்றி மறுபடி ஏற்றுங்கள். நடுவுக்கு இழுத்து வைத்துவிட்டு இரண்டு முனையையும் குறுக்கே தைத்துவிடுங்கள், ரன்னர் கழன்று வராது. முதல் பௌச்சுக்கு உலோகப் பல் ஜிப் வேண்டாம். மெஷின் ஊசி அதில் பட்டால் ஒடிந்து தெறிக்கும்.

முதலில் ஃப்யூசிங். ஃப்யூசிங்கின் சொரசொரப்பான, பசை உள்ள பக்கம் வெளித்துணியின் உள்பக்கத்தில் படும்படி நடுவில் வையுங்கள். நான்கு பக்கமும் அரை இன்ச் துணி வெறுமனே இருக்கும். அப்படி இருந்தால்தான் தையலில் ஃப்யூசிங் மாட்டி முரடாகாது. இஸ்திரியைத் தேய்க்காமல் ஒவ்வொரு இடத்திலும் அழுத்தி, பத்து எண்ணி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் நகர்ந்து சுருக்கம் விழுந்துவிடும். ஆறும் வரை துணியைத் தூக்காதீர்கள்.

அடுத்து ஜிப் முனை. புதிதாகத் தைப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் பௌச்சின் இரண்டு மேல் மூலையும் காது போல மடங்கி நிற்கும். முனைத் துண்டுகள் இரண்டை ஜிப்பின் ஒரு முனைக்கு மேலும் கீழும் வைத்து, நல்ல பக்கம் ஜிப்பைப் பார்க்க, குறுக்கே தைத்து, வெளிப்பக்கம் புரட்டி இஸ்திரி போடுங்கள். மறுமுனையிலும் அதேபோல. இப்போது துணியும் ஜிப்பும் சேர்ந்து 9 இன்ச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். துணியோடு வைத்து மிச்சத்தை இரண்டு பக்கமும் சமமாக நறுக்குங்கள், அகலத்தையும் ஜிப்பின் அகலத்துக்குச் சரி செய்யுங்கள். பக்கத் தையல் இந்தத் துணிமேல் விழும், ஜிப்பின் பல்லில் விழாது.

இனி ஜிப்பைத் துணியில் சேர்ப்பது. வெளித்துணியை நல்ல பக்கம் மேலே இருக்கும்படி மேஜையில் வையுங்கள். அதன் மேல் விளிம்போடு ஜிப்பின் விளிம்பைச் சேர்த்து, ரன்னர் கீழே துணியைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். அதற்குமேல் உள்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்க வையுங்கள். அதாவது வெளித்துணியும் உள்துணியும் முகம் பார்த்துக்கொள்ள, நடுவில் ஜிப். குண்டூசி குத்தி, மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டுக்குப் பதிலாக ஒற்றைக்கால் ஜிப் ஃபுட்டை மாட்டி, விளிம்பிலிருந்து கால் இன்ச்சில் தையுங்கள். ரன்னர் பக்கத்தில் வரும்போது நிறுத்துங்கள். ஊசி துணிக்குள் இறங்கியிருக்கட்டும், ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைக் கடந்துபோன பக்கத்துக்கு இழுத்துவிட்டு, ஃபுட்டை இறக்கித் தொடருங்கள்.

இரண்டு துணியையும் ஜிப்பிலிருந்து விலக்கிப் புரட்டி, இஸ்திரி போட்டு, ஜிப்பை ஒட்டி ஒரு மேல்தையல் போடுங்கள். இந்த ஒரு தையல்தான் உள்துணி ஜிப்பில் கடிபடாமல் காக்கும். நைலான் ஜிப்மேல் நேரடியாகச் சூடு வைக்காதீர்கள், ஒரு கர்ச்சீப்பைப் போட்டு அதன்மேல் இஸ்திரி போடுங்கள். மறுபக்கத் துணிகளுக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள்.

இப்போது மிக முக்கியமான வேலை: ஜிப்பைப் பாதிக்குமேல் திறந்து வையுங்கள். மூடியபடி தைத்துவிட்டால் பௌச்சைப் புரட்ட வழியே இருக்காது.

வெளித்துணிகள் இரண்டையும் ஒரு பக்கமாகவும், உள்துணிகள் இரண்டையும் எதிர்ப்பக்கமாகவும் முகம் சேர்த்து வையுங்கள். ஜிப் நடுவில் மடிந்திருக்கும். அதன் பல் உள்துணிப் பக்கமாகச் சாயட்டும். சுற்றிலும் அரை இன்ச்சில் தையுங்கள். உள்துணியின் அடியில் மட்டும் 4 இன்ச் திறந்து விடுங்கள். ஜிப் முனை வரும் இடத்தில் நிறைய மடிப்பு இருக்கும். அங்கே காலால் மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாகக் கடந்து போங்கள். மூலைகளை நறுக்கி, உள்துணித் திறப்பு வழியாக முதல் புரட்டு, ஜிப் வழியாக இரண்டாவது புரட்டு. உள்துணித் திறப்பின் விளிம்புகளை உள்ளே மடித்துத் தைத்துவிட்டு, பைக்குள்ளே தள்ளுங்கள்.

பௌச் தரையில் நிற்க வேண்டுமா? சுற்றித் தைப்பதற்கு முன், வெளித்துணி, உள்துணி எல்லாவற்றின் கீழ் மூலைகளிலும் ஒரு இன்ச் சதுரம் வெட்டி எடுத்துவிடுங்கள். பக்கங்களையும் அடியையும் தைத்தபின், வெட்டிய சதுரத்தின் பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி இழுத்துப் பிடித்து, அதே அரை இன்ச்சில் குறுக்கே தையுங்கள். அடி 2 இன்ச் அகலமாக நிற்கும். சதுரம் எவ்வளவோ, அடி அதன் இரண்டு பங்கு. அதே அளவு அகலமும் குறையும்; ஒரு இன்ச் உயரமும் போகும். அதனால் பெரிய அடி வேண்டுமென்றால் துணியை முதலிலேயே பெரிதாக வெட்டுங்கள்.

கருவிச் சுருள்

ஆரி வேலை செய்கிறவர்களுக்கும் குரோஷா பின்னுகிறவர்களுக்கும் இது. டப்பாவில் போட்டால் ஒன்றோடொன்று உரசி முனை மழுங்கும். சுருளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு.

வெளித்துணி 16 அகலம், 12 உயரம். உள்துணியும் அதே அளவு. பாக்கெட்டுக்கு 16 அகலம், 12 உயரத்தில் இன்னொரு துணி. அதை உயரத்தில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டால் 6 இன்ச் உயரம் வரும், மடிப்புதான் பாக்கெட்டின் மேல் விளிம்பு. வெளித்துணிக்குப் பழைய ஜீன்ஸ் நன்றாக உழைக்கும்.

மடித்த பாக்கெட் துணியை உள்துணியின் நல்ல பக்கத்தில், கீழ் விளிம்புகள் சேரும்படி வையுங்கள். இரண்டு ஓரத்திலும் அரை இன்ச் தையலுக்கு விட்டால் மீதம் 15 இன்ச். அதை உங்கள் கருவிகளைப் பார்த்துப் பிரியுங்கள். மெல்லிய ஊசிகளுக்கு ஒரு இன்ச் வீதம் ஆறு, தடித்த குரோஷா ஊசிகளுக்கு ஒன்றரை இன்ச் வீதம் நான்கு, சின்னக் கத்தரிக்கு 3 இன்ச்சில் ஒன்று என்று பிரித்தால் 15 சரியாக வரும். வரையும் முன் கருவியை இரண்டு துணிக்கு நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, சிரமமில்லாமல் உருவ வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சாக் கோடுகளின்மேல் கீழிருந்து மேலே தையுங்கள். பாக்கெட்டின் வாயில் முன்னும் பின்னும் தைத்து இறுக்குங்கள். இந்த வேலையை வெளித்துணியைச் சேர்ப்பதற்கு முன்பே முடிப்பதால், கோடுகள் வெளியே தெரியாது. அப்புறம் வெளித்துணியை முகம் சேர்த்துக் கவிழ்த்து, ஒரு பக்க ஓரத்தில், கீழிருந்து நான்கு இன்ச் உயரத்தில், 30 இன்ச் நாடாவை இரண்டாக மடித்து மடிப்பு விளிம்பில் இருக்கும்படி உள்ளே செருகுங்கள். வால்களைப் பந்து போலச் சுருட்டிக் குண்டூசி குத்திவிட்டால் தையலில் மாட்டாது. சுற்றிலும் அரை இன்ச். மேல் விளிம்பில் 4 இன்ச் திறப்பு. புரட்டி, இஸ்திரி, சுற்றிலும் மேல்தையல்.

பயன்படுத்தும்போது மேல் 4 இன்ச்சைக் கீழ்நோக்கி மடித்துவிட்டுச் சுருட்ட வேண்டும். அந்த மடல்தான் கருவிகள் தலைகீழாக விழாமல் பிடிக்கும். 6½ இன்ச் வரையுள்ள ஊசி இதில் அடங்கும். ஆரி ஊசியின் முனையில் கொக்கி இருப்பதால் அது துணியில் மாட்டி, இழுத்தால் நூலைப் பிய்த்துக்கொண்டு வரும். பேனா ரீஃபில் குழாயில் ஒரு துண்டு நறுக்கி முனையில் மாட்டிவிட்டு வையுங்கள்.

கைப்பிடி வைத்த பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. தாம்பூலப் பையாக வந்த மஞ்சப்பைகள் எத்தனையோ வீட்டில் இருக்கும். கிழிந்தவற்றை எடுத்துப் பாருங்கள்: துணி நன்றாக இருக்கும், கைப்பிடி சேரும் இடம் மட்டும் பிய்ந்திருக்கும். எல்லாப் பாரமும் அந்த நான்கு இடத்தில்தான் இறங்குகிறது.

ஆகவே கைப்பிடியை 4 இன்ச் அகலத்தில் வெட்டி, நான்காக மடித்து ஒரு இன்ச் பட்டையாக்கி, இரண்டு ஓரத்திலும் தையுங்கள். பையின் மேல் மடிப்புக்குள் முனையை ஒன்றரை இன்ச் இறக்கி, அந்த இடத்தில் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுங்கள். மெல்லிய துணியாக இருந்தால் உள்பக்கம் ஒரு சின்ன ஜீன்ஸ் துண்டை வைத்துச் சேர்த்துத் தையுங்கள். தோளில் மாட்ட 24 இன்ச், கையில் தூக்க 14 இன்ச் நீளம் போதும்.

தடித்த இடத்தில் மெஷின் ஏறமாட்டேன் என்று நின்றால், மடிப்பைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். ஃபுட்டின் பின்பக்கம் மடித்த துணித் துண்டு ஒன்றைக் கொடுத்துச் சமமாக்கினாலும் ஏறிவிடும். அதற்கும் மசியாவிட்டால் ஊசியை 18-க்கு மாற்றுங்கள். பையைத் துவைத்ததும் உள்துணியை வெளியே இழுத்துவிட்டு, ஜிப் வைத்ததாக இருந்தால் அதைத் திறந்து வைத்து, நிழலில் காயப்போடுங்கள். உள்துணி காய்ந்தபின்தான் உள்ளே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடி மூலையில் பூசணம் பிடிக்கும்.